ஹாலிபாக்ஸ் நகரத்தார் ஆற்றிய ஈமக்கடன்

இறந்தவர்க்குச் செய்வனவற்றை ஈமக்கடன் என்று தமிழர் வழங்குவர். கடன் என்னும் சொல் கடமையையும் குறிக்கும். பெற்றதைத் திருப்பித் தருதலையும் குறிக்கும். பெற்றவர்க்குப் பிள்ளை செய்கிறான். பிள்ளை இல்லையெனில் பங்காளி செய்கிறான். அவனும் இல்லையெனில் ஊரார் கூடிச் செய்கின்றனர். ஆனால், பெயர் தெரியாது, ஊர் தெரியாது, உற்றார் எந்தக் கண்டத்தில் இருக்கின்றனர் என்பதும் தெரியாது என்னும் நிலையில் நூற்றுக்கணக்கான பிரேதங்கள் ஒரே நாளில் ஓர் ஊரின் துறையில் வந்து இறங்கினால், அக்கடன் யாரைச் சாரும்?

கனடா நாட்டின் கிழக்குக் கரையில், நோவா ஸ்கோஷியா மாநிலத்தின் தலைநகராக விளங்கும் ஹாலிபாக்ஸ் என்னும் துறைமுகம், ஆறு ஆண்டுகளுக்குள் இருமுறை இக்கேள்விக்கு விடை சொல்ல நேர்ந்தது. முதன்முறை 1912-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில். மறுமுறை 1917-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில். அந்நகரம் அன்று பெரிய நகரமன்று; ஐம்பதினாயிரம் பேருக்குச் சற்றுக் குறைவானோரே அங்கு வாழ்ந்தனர். அவருள் சவப்பெட்டி செய்பவரும், உடலைப் பதனிடுபவரும், பிறப்பு இறப்புக் கணக்கு எழுதும் அலுவலர் ஒருவரும் செய்த வேலையே ஈண்டுக் கூறப்படுவது.

டைட்டானிக் கப்பல் மூழ்கிய கதையைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். 1912-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள் இரவு 11.40 மணிக்குப் பனிமலையில் மோதி, மறுநாள் விடியற்காலை 2.20 மணிக்கு அது கடலுள் மறைந்தது. கப்பலில் இருந்தோர் சுமார் 2,200 பேர். கார்ப்பேதியா கப்பல் காப்பாற்றி நியூயார்க்கில் சேர்த்தவர் 700 பேருக்குச் சற்று மேல். எஞ்சிய 1,500 பேர் என்னவாயினர் என்பதை நூல்கள் ஒரு வரியில் முடித்துவிடும். அவருட் பலர் தக்கை வைத்துத் தைத்த மிதவைச் சட்டை அணிந்திருந்தனர். அவர்களைக் கொன்றது நீரினும் குளிரே. ஆகவே உயிர் போன பின்னும் பலருடைய உடல்கள் அமிழவில்லை. நின்ற நிலையிலேயே மிதந்தன. சில நாள் கழித்து அவ்வழிச் சென்ற பிரெமன் என்னும் ஜெர்மானியக் கப்பலின் பயணிகள் அக்காட்சியைக் கண்டு, கரை சேர்ந்ததும் செய்தித்தாள்களுக்குச் சொல்லினர்.

கப்பலுக்கு உரிய ஒயிட் ஸ்டார் நிறுவனம், உடல்களைத் தேடுவதற்கு ஹாலிபாக்ஸ் துறையில் இருந்த மக்கே-பென்னட் என்னும் கப்பலை அமர்த்தியது. அது பயணிகள் ஏறும் கப்பலன்று. கடலடியில் செல்லும் தந்திக் கம்பி அறுந்தால் அதைத் தேடி எடுத்து ஒட்டுவது அதன் தொழில். பனிமூட்டமும் பேரலையும் நிறைந்த வட அட்லாண்டிக்கில் ஓரிடத்தில் நாட்கணக்கில் நின்று வேலை செய்து பழகியவர் அதன் மாலுமிகள். லார்ண்டர் என்பவர் தலைவர். ஏப்ரல் 17-ஆம் நாள் அது புறப்பட்டபோது, நூற்றுக்கு மேற்பட்ட சவப்பெட்டிகளும், டன் கணக்கில் பனிக்கட்டியும், பதனிடும் மருந்தும், கடலில் அடக்கம் செய்யப்படும் உடல்களோடு கட்டுவதற்கு இரும்புத் துண்டுகளும் ஏற்றப்பட்டன. அகில தூயர் பேராலயத்தைச் சேர்ந்த கென்னத் ஹைண்ட் என்னும் குருவும், நகரின் ஈமப்பணி நிலையத்தை நடத்திய ஜான் ஸ்நோ என்பவரும் உடன் சென்றனர். மாலுமிகளுக்கு இரட்டைக் கூலி பேசப்பட்டது. இரட்டைக் கூலி பேசியும் அது யாரும் விரும்பிச் செல்லும் பயணமாக இருக்கவில்லை.

ஸ்நோ செய்த தொழிலைப் பற்றிச் சிறிது சொல்லுதல் வேண்டும். நம்மவர்க்கு அது புதிது. மேனாடுகளில் முற்காலத்தில் மேசை நாற்காலி செய்யும் தச்சரே சவப்பெட்டியும் செய்து கொடுத்தனர். பெட்டி கொடுத்தவரே பின்னர் வண்டியும் கொடுத்தார்; பிறகு உடலைக் கழுவி உடுத்தும் பொறுப்பையும் ஏற்றார். இவ்வாறு ஈமப்பணி தனித் தொழிலாயிற்று. உடலைக் கெடாமல் வைக்கும் கலை அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, அதாவது 1861 முதல் 1865 வரை, பெரிதும் பரவியது. வடக்கேயிருந்து சென்று தெற்கே மடிந்த போர்வீரனின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை காண வேண்டும் என்று தாய்மார் விரும்பினர். தாமஸ் ஹோம்ஸ் முதலிய மருத்துவர்கள் இரத்தக் குழாய் வழியே மருந்தைச் செலுத்தி, உடலை ஊருக்கு அனுப்பும் முறையைக் கையாண்டனர். 1865-இல் சுடப்பட்டு மாண்ட அதிபர் லிங்கனின் உடல் பதனிடப்பட்டு, வாஷிங்டனிலிருந்து ஸ்பிரிங்பீல்டு வரை ஏறத்தாழ இரு வாரம் இரயிலில் சென்றதைக் கண்ட மக்கள் அக்கலையை ஏற்றுக்கொண்டனர். முதலில் ஆர்சனிக் போன்ற நஞ்சுகளைப் பயன்படுத்தினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பார்மால்டிஹைடு அவ்விடத்தைப் பிடித்தது. கழுத்திலோ தொடையிலோ ஒரு குழாயைத் திறந்து மருந்தை உட்செலுத்துவர். மற்றொரு குழாய் வழியே இரத்தம் வெளியேறும். செய்முறை இவ்வளவே. ஆனால், அதன் பிறகு முகத்தைத் துடைத்து, வாயை மூடி, தலையைச் சீவி, உறங்குபவர் போலக் கிடத்துவதற்குத் தனிக் கைப்பொறுமை வேண்டும்.

பிணத்தைத் தொட்டவன் தலைமுழுகி வீட்டுக்குள் வருதல் நம் வழக்கம். தொட்டே பிழைத்தவனை, குழி வெட்டியவனை, சுடலை காத்தவனை ஊருக்கு வெளியே குடிவைத்ததும் நம் வழக்கமே. நம் வீட்டில் இழவு விழுந்த அன்று அவன் வரச் சற்றுத் தாமதித்தால் மட்டும் பொறுக்கமாட்டோம். நிற்க.

மக்கே-பென்னட் ஏப்ரல் 20-ஆம் நாள் மாலை உரிய இடத்தை அடைந்தது. மறுநாட்காலை சிறு படகுகள் இறக்கப்பட்டன. அலை ஓங்கிய கடலில், நீரில் ஊறிப் பளுவேறிய உடல்களை ஒவ்வொன்றாகப் படகுக்குள் இழுப்பது எளிதன்று. அன்று ஒரு நாளில் மட்டும் 51 உடல்கள் எடுக்கப்பட்டன. ஒவ்வோர் உடலும் கப்பலில் ஏறியவுடன், எண் அச்சிட்ட கித்தான் துண்டு அதன்மேல் கட்டப்பட்டது. சட்டைப்பையிலும் விரலிலும் கழுத்திலும் இருந்த பொருள்கள் அதே எண் பொறித்த சிறு கித்தான் பையில் இடப்பட்டன. ஆணா பெண்ணா, வயது என்ன இருக்கலாம், மயிர் என்ன நிறம், மேற்சட்டை எது, உட்சட்டை எது, துணியில் எழுத்து ஏதேனும் தைத்திருக்கிறதா, கையில் பச்சை குத்தியிருக்கிறதா என்பனவெல்லாம் ஏட்டில் எழுதப்பட்டன.

இம்முறையை வகுத்தவர் ஹாலிபாக்ஸ் நகரில் இறப்புப் பதிவாளராக இருந்த ஜான் ஹென்றி பார்ன்ஸ்டெட். பார்த்தால் கடைக் கணக்கு எழுதுவது போல இருக்கிறது. ஆயினும் இதற்குள் ஒரு நுட்பம் உண்டு. பெயர் தெரிந்த பிறகு பதிவு செய்வோம் என்றிருந்தால், பெயர் தெரியாதவர் பதிவேட்டுக்கு வெளியே நின்றுவிடுவர். எடுத்த வரிசையில் எண் கொடுத்துவிட்டாலோ, சீமானும் கூலியும் ஒரே ஏட்டில் அடுத்தடுத்த வரியில் வந்துவிடுகின்றனர். எண் முதலில், பெயர் பிறகு வரட்டும், நூறாண்டு கழித்து வந்தாலும் வரட்டும் என்பது அதன் உட்பொருள். பெருவிபத்தில் மாண்டோரை அடையாளங் காண்பதற்கு இன்று உலகநாட்டுக் காவல்துறையினர் கையாளும் முறையிலும் எண்ணிடுவதே முதல் வேலை.

அம்முதல் நாளில் நான்காவதாக எடுக்கப்பட்டது ஓர் ஆண் குழந்தையின் உடல். சுமார் இரண்டு வயது, வெளிர்நிற முடி, கழுத்திலும் மணிக்கட்டிலும் மென்மயிர் வைத்துத் தைத்த சாம்பல்நிற மேலங்கி, பழுப்புநிறக் கவுன், இளஞ்சிவப்புக் கம்பளி உட்சட்டை, பழுப்புநிறக் காலணி என்று ஏடு கூறும். அடையாளம் ஒன்றுமில்லை, மூன்றாம் வகுப்பாக இருக்கலாம் என்றும் எழுதியிருந்தது. இக்குழந்தையிடம் பின்னர் வருவோம்.

எண் எல்லார்க்கும் ஒன்றுபோலக் கிடைத்தது. பெட்டி அவ்வாறு கிடைக்கவில்லை. உடல்கள் எதிர்பார்த்ததைவிட மிகுதியாக இருந்தன. மருந்தும் பெட்டியும் கித்தானும் போதவில்லை. சார்டினியன் என்னும் கப்பல் அவ்வழி வந்தபோது அதனிடம் கித்தான் கேட்டு வாங்கினர். யாருக்கு எது என்று பகுக்க வேண்டி வந்ததும், உயிரோடிருந்தபோது வாங்கிய பயணச் சீட்டின் விலையே அளவுகோலாயிற்று. முதல் வகுப்பினர் பதனிடப்பட்டுப் பெட்டியில் வைக்கப்பட்டனர். இரண்டாம், மூன்றாம் வகுப்பினர் கித்தானில் சுற்றப்பட்டனர். கப்பல் ஊழியரின் உடல்கள் முன்தளத்துப் பனிக்கட்டியில் போர்வையின்றிக் கிடத்தப்பட்டன. மக்கே-பென்னட் எடுத்த 306 உடல்களில் 116 உடல்களை இரும்பு கட்டி, குரு வழிபாடு நடத்த, கடலிலேயே விட்டுவிட்டனர். அவருட் பெரும்பாலோர் ஊழியரும் மூன்றாம் வகுப்பினருமே.

கரை சேர்ந்த பின்னர் இதுபற்றிக் கண்டனம் எழுந்தது. லார்ண்டர் ஒளிக்காமல் விடை சொன்னார். பெரிய மனிதர் எவரையும் கடலில் விடவில்லை என்றும், சொத்துரிமை, காப்பீட்டுப் பணம் பற்றிய வழக்குகள் வரக்கூடியவர்களின் உடல்களைக் கரைக்குக் கொண்டு வருவதே தக்கது என்று கருதியதாகவும் கூறினார். கடலில் பிழைப்பவன் கடலில் அடங்குவதை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதும் அவர் கருத்து. தம்மையும் சேர்த்தே அவர் அப்படிச் சொன்னார் என்பதால் அவர்மீது சினம் கொள்வது கடினம். எனினும், சொத்தில்லாதவனுக்கு வழக்கில்லை, வழக்கில்லாதவனுக்குக் குழியில்லை என்று முடிகிற நியாயம் நியாயமாகுமா? கணவனின் உடல் வரும் என்று சௌத்தாம்டன் நகரத்துத் தெருக்களில் காத்திருந்த கரித்தள்ளியின் மனைவிக்கு அவ்விடை ஆறுதல் தந்திராது. ஆட்டுவார் கையில் ஏடும் இருக்கலாம், இரக்கமும் இருக்கலாம். இடப்பற்றாக்குறை வந்த அன்றுதான் அவர் மனத்தில் யார் மேல், யார் கீழ் என்பது தெரிய வருகிறது.

ஏப்ரல் 30-ஆம் நாள் காலை 190 உடல்களோடு மக்கே-பென்னட் ஹாலிபாக்ஸ் திரும்பியது. தேவாலய மணிகள் ஒலித்தன. கொடிகள் அரைக்கம்பத்தில் பறந்தன. ஊழியர் உடல்கள் தூக்குப் படுக்கைகளில் முதலில் இறங்கின. அடுத்துக் கித்தான் மூட்டைகள். இறுதியில் பின்தளத்திலிருந்த பெட்டிகள். குதிரை வண்டிகள் அவற்றை அக்ரிகோலா தெருவிலிருந்த மேபிளவர் ஆட்டக்கூடத்துக்குக் கொண்டு சென்றன. பனித்தரையில் கல்லை உருட்டி ஆடும் கர்லிங் என்னும் விளையாட்டுக்காகக் கட்டிய கூடம் அது. இடம் பெரிதாகவும் குளிர்ச்சியாகவும் இருந்தமையால் அதையே சவச்சாலை ஆக்கினர். ஒரு பகுதியைத் திரையிட்டு மறைத்துப் பதனிடும் இடமாக வைத்தனர். மறுபகுதியில் சிறுசிறு அறைகளாகத் தடுத்து, அறைக்கு மூன்று பெட்டிகளாக வைத்து, உறவினர் ஒரு நேரத்தில் சிலரையே பார்த்துச் செல்லும்படி ஒழுங்கு செய்தனர். தன் மகனைத் தேடி வந்த தாய் இருநூறு பிரேதங்களுக்கு நடுவே நடக்கும்படி நேரக் கூடாது என்பது இதன் கருத்து. மயங்கி விழுவோர்க்கென ஒரு தாதியும் அங்கு இருந்தார்.

ஸ்நோ நிலையத்தாரால் மட்டும் இவ்வேலையைச் செய்திருக்க முடியாது. நோவா ஸ்கோஷியா, நியூ பிரன்ஸ்விக், பிரின்ஸ் எட்வர்டு தீவு ஆகிய கடலோர மாநிலங்கள் மூன்றிலிருந்தும் சுமார் நாற்பது பதனிடுவோர் வந்து சேர்ந்தனர். செயின்ட் ஜான் நகரத்திலிருந்து வந்த அன்னி ஓ'நீல் என்னும் பெண்மணி, பெண்கள் குழந்தைகள் ஆகியோரின் உடல்களைக் கவனித்துக்கொண்டார். அக்காலத்தில் இத்தொழிலிற் பெண்கள் அரியர். ஒரு வாரத்துக்கு மேல் உப்புநீரில் கிடந்து, மரத்துண்டுகளில் மோதிச் சிதைந்த முகங்கள் அவை. அவற்றை உற்றார் பார்க்கத் தக்கனவாக ஆக்க வேண்டும். அடையாளம் மாறிப் போகாதவாறும் ஆக்க வேண்டும். மிகுதியாகச் சீர்செய்தால் தாய்க்கும் தெரியாது. சீர்செய்யாது விட்டால் தாயால் தாங்க முடியாது. இவ்விரண்டுக்கும் நடுவே அவர்கள் இரவும் பகலும் உழைத்தனர்.

யார்மத் என்னும் ஊரிலிருந்து வந்த பிராங்க் நியூவெல் என்பவர் அங்கு ஓர் உடலின் முன் குனிந்தவர், மயங்கிச் சாய்ந்தார். அது அவருடைய சிறிய தந்தை முறையான ஆர்தர் நியூவெலின் உடல். தம் உறவினர் அக்கப்பலில் வந்தார் என்பதை எண்ணாமலேயே அவர் கூலி வேலைக்கு வந்திருந்தார் போலும். அந்நிகழ்ச்சிக்குப் பின் அக்கூடத்தில் எவரும் எந்தப் பிரேதத்தையும் வேற்றுப் பிரேதமாகக் கருதியிருக்க முடியாது.

பார்ன்ஸ்டெட் தம் ஏட்டோடு அங்கேயே இருந்தார். எழுதியது போதாதென்று அடையாளம் தெரியாத உடல்களைப் புகைப்படமும் எடுக்கச் செய்தார். எண் 124 கோடீசுவரர் ஜான் ஜேக்கப் ஆஸ்டர். சட்டைக் கழுத்துப்பட்டையில் இருந்த முதலெழுத்துகள் அவரைக் காட்டிக்கொடுத்தன. பையில் இரண்டாயிரம் டாலருக்கு மேல் இருந்தது. எண் 224 கப்பல் மூழ்கும்வரை வாத்தியம் இசைத்த குழுவின் தலைவர் வாலஸ் ஹார்ட்லி. எண் 15 ஹாப்மன் என்ற பெயரில் பயணம் செய்தவர். அவரிடம் குண்டு நிரப்பிய கைத்துப்பாக்கி ஒன்று இருந்தது. பெயரைக் கொண்டு அவரை யூதர் என எண்ணி யூதர் இடுகாட்டில் அடக்கினர். உண்மையில் அவர் பிரான்சு நாட்டுக் கத்தோலிக்கரான மிஷேல் நவ்ராத்தி. மனைவியைப் பிரிந்து, இரு சிறுவர்களைத் தூக்கிக்கொண்டு பொய்ப்பெயரில் வந்தவர். பிள்ளைகள் பிழைத்தனர், செய்தித்தாளில் அவர்களைக் கண்டுகொண்ட தாய் நியூயார்க் வந்து அழைத்துச் சென்றாள். தந்தையோ தாமே சூட்டிக்கொண்ட பெயரால் வேற்றுச் சமயத்தார் நடுவே இன்றும் உறங்குகிறார்.

கணக்கை இங்கு முடித்துவிடலாம். மக்கே-பென்னட்டுக்குப் பின் மினியா 17, மான்ட்மாக்னி 4, அல்ஜரீன் 1 ஆக நான்கு கப்பல்களும் எடுத்தவை 328 உடல்கள். கடலில் விடப்பட்டவை 119. ஹாலிபாக்சுக்கு வந்தவை 209. அவற்றுள் உற்றார் எடுத்துச் சென்றவை 59. எஞ்சிய 150 பேரை அந்நகரமே அடக்கம் செய்தது: பேர்வியூ இடுகாட்டில் 121, மவுண்ட் ஆலிவெட் கத்தோலிக்கர் இடுகாட்டில் 19, யூதர் இடுகாட்டில் 10. பேர்வியூவில் கல்லறைகள் கப்பலின் வடிவம் போல வளைந்த வரிசைகளில் அமைந்துள்ளன. ஒயிட் ஸ்டார் நிறுவனம் கொடுத்த சாம்பல்நிறக் கருங்கற்கள் ஒரே வடிவானவை. கடலில் வகுப்பு பார்த்தவர்கள் நிலத்தில் அதை விட்டுவிட்டனர். வசதி படைத்த சில குடும்பங்கள் மட்டும் தம் செலவில் பெரிய கல் நாட்டின. எண் 227 ஜே. டாசன் என்னும் கரித்தள்ளி. 1997-இல் வெளிவந்த திரைப்படத்தின் கற்பனைக் கதாநாயகன் இவரே என்று தவறாக எண்ணிப் பலர் இவர் கல்லின்மேல் மலர் வைத்தனர். உயிரோடிருந்தபோது யாரும் மலர் தந்திராத ஒரு தொழிலாளிக்கு அது கிடைத்துவிட்டுப் போகட்டும்.

நான்காம் எண் குழந்தையைத் தேடி யாரும் வரவில்லை. அதைக் கடலிலிருந்து எடுத்த மாலுமிகளே தங்கள் பிள்ளையாக ஏற்றனர். மே 4-ஆம் நாள் செயின்ட் ஜார்ஜ் ஆலயத்தில் வழிபாடு நடந்தது. வெள்ளைநிறச் சிறு பெட்டியை மாலுமிகள் தோளில் சுமந்தனர். 'எங்கள் குழந்தை' என்னும் பொருள்பட எழுதிய செப்புப் பதக்கம் ஒன்றை உள்ளே வைத்தனர். பின்னர்த் தங்கள் பணத்தில் ஒரு கல்லும் நாட்டினர். பேசிய இரட்டைக் கூலி அவ்வழியிற் சிறிது செலவாயிற்று.

உடைகளை யாரேனும் நினைவுப்பொருளென விற்றுவிடக் கூடாதென்று, அவை எரிக்கப்பட்டன. காவலுக்கு நின்றவர் கிளாரன்ஸ் நார்த்தோவர் என்னும் போலீஸ் சார்ஜெண்டு. எல்லாவற்றையும் தீயிலிட்ட அவருக்கு, அந்தச் சின்னஞ்சிறு பழுப்புநிறக் காலணி இரண்டையும் இட மனம் வரவில்லை. யாரேனும் உறவினர் வருவர் என்று எண்ணித் தம் மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டார். எவரும் வரவில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது வீட்டுக்கு எடுத்துச் சென்றார். விதிப்படி அது குற்றமே.

ஐந்தாண்டு கழிந்தது. முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. 1917-ஆம் ஆண்டு டிசம்பர் 6-ஆம் நாள் காலை, வெடிமருந்து நிரப்பிய மான்ட் பிளாங்க் என்னும் பிரெஞ்சுக் கப்பலும், ஐமோ என்னும் நார்வீஜியக் கப்பலும் ஹாலிபாக்ஸ் துறைமுகத்தின் குறுகிய வாயிலில் மோதின. தீப்பற்றிய கப்பலை வேடிக்கை பார்க்கச் சன்னல்களிலும் கரையிலும் மக்கள் கூடினர். ஒன்பது மணி கடந்து சில நிமிடங்களில் அது வெடித்தது. தொழிலாளர் வாழ்ந்த ரிச்மண்ட் பகுதி தரைமட்டமாயிற்று. சுமார் 2,000 பேர் மாண்டனர். 9,000 பேர் காயமுற்றனர். மறுநாள் பனிப்புயலும் வந்தது.

இம்முறை பிரேதங்கள் கடல் கடந்து வந்தவை அல்ல, நகரத்தாரே பிரேதங்களாயினர். செபக்டோ வீதிப் பள்ளிக்கூடத்தின் அடித்தளம் சவச்சாலை ஆக்கப்பட்டது. உடைந்த சன்னல்களை அடைத்து, படைவீரர்கள் உடல்களைக் கொண்டு வந்து, கரியும் சேறும் நீங்கக் கழுவினர். பொறுப்பேற்றவர் ஆர்தர் பார்ன்ஸ்டெட், முன்னவரின் மகன். தந்தை வகுத்த முறையையே மகன் கையில் எடுத்தார். கித்தான் பைக்குப் பதில் பருத்தித் துணிப்பை. எண், உடல் வருணனை, எடுக்கப்பட்ட தெரு, உடை, சட்டைப்பையில் இருந்தவை: சாவி, பொத்தான், மோதிரம். பல முகங்கள் தீயில் கருகிவிட்டமையால், ஒரு தாய் தன் பிள்ளையை அறிந்துகொள்ள அந்தப் பையே வழியாயிற்று. டொரண்டோவிலிருந்து ஆர். என். ஸ்டோன் என்னும் பதனிடல் ஆசிரியர் வந்து ஈமப்பணியாளரை வழிநடத்தினார்.

இங்கே முதல் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்ற பிரிவுக்கு இடமில்லை. மாண்டவருட் பெரும்பாலோர் சிறு வீடுகளில் வாழ்ந்த உழைப்பாளிகளும் அவர்தம் குழந்தைகளுமே. 1912-இல் கோடீசுவரருக்கும் கூலிக்கும் பொதுவாக இருந்தது ஏடு ஒன்றுதான். 1917-இல் அடித்தளமும், வெள்ளைத் துணியும், பெட்டியும் பொதுவாயின. டிசம்பர் 17-ஆம் நாள் அடையாளம் தெரியாத 95 பேருக்கு அப்பள்ளியின் முற்றத்திலேயே இறுதி வழிபாடு நடந்தது. புராட்டஸ்டண்டு குருமாரும் கத்தோலிக்கக் குருமாரும் ஒரே முற்றத்தில் நின்றனர். பெயர் தெரியாமலே அடக்கம் செய்யப்பட்டோர் மொத்தம் இருநூற்றுவர்க்கு மேற்பட்டவர். அவருட் சிலர் பேர்வியூ இடுகாட்டில், டைட்டானிக் கல்லறைகள் இருக்கும் அதே நிலத்தில் அடங்கினர். அப்பள்ளிக் கட்டடத்தில் பிற்காலத்தில் இசைப்பள்ளி ஒன்று இடம்பெற்றது.

இனி நான்காம் எண். 2001-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஆராய்ச்சியாளர் அக்கல்லறையைத் திறந்தனர். ஈரமண்ணில் எல்லாம் கரைந்துபோயிருந்தது. மணிக்கட்டு எலும்புத் துண்டு ஒன்று, சுமார் 6 சென்டிமீட்டர் நீளம், மூன்று பற்கள், மாலுமிகள் வைத்த செப்புப் பதக்கம். இவையே கிடைத்தன. மரபணுச் சோதனை செய்து, பதின்மூன்று மாதக் குழந்தையான ஐனோ பானுலா என்னும் பின்லாந்துப் பிள்ளை என்று 2002-இல் அறிவித்தனர். அதே ஆண்டில் நார்த்தோவரின் பேரன், தாத்தா தீயிலிடாது வைத்திருந்த காலணிகளை ஹாலிபாக்ஸ் கடல்சார் அருங்காட்சியகத்திற்குக் கொடுத்தார். அங்கே ஐயம் பிறந்தது. பதின்மூன்று மாதக் குழந்தையின் காலுக்கு அவை பெரியனவாக இருந்தன. பழைய ஏட்டைப் புரட்டினால், பழுப்புநிறக் காலணி, வயது இரண்டு என்றே எழுதியிருந்தது. மீண்டும் நுட்பமாகச் சோதித்தனர். 2007-இல் உண்மை வெளிப்பட்டது. அக்குழந்தை இங்கிலாந்தைச் சேர்ந்த சிட்னி லெஸ்லி குட்வின். வயது பத்தொன்பது மாதம். தந்தை, தாய், ஆறு பிள்ளைகள் என எண்மரும் அமெரிக்காவின் நயாகரா பால்ஸ் நகரத்தில் குடியேறுவதற்கு மூன்றாம் வகுப்பில் வந்தவர்கள். எண்மரும் மாண்டனர். உரிமை கோர வீட்டில் ஒருவரும் மிஞ்சவில்லை. அதனால்தான் 1912-இல் யாரும் வரவில்லை.

அறிவியல் ஒருமுறை தவறியபோது அதைத் திருத்தியவை, கப்பல் தளத்தில் குளிரில் நின்று ஒருவர் எழுதிய ஒரு வரியும், விதியை மீறி ஒரு போலீஸ்காரர் ஒளித்து வைத்த இரண்டு காலணிகளும்.

2008-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் குட்வின் குடும்பத்தின் உறவினர்கள் பேர்வியூ இடுகாட்டில் கூடி வழிபாடு நடத்தினர். டைட்டானிக் கப்பலோடு மாண்ட குழந்தைகள் அனைவரின் பெயர்களும் அங்கு ஒவ்வொன்றாகப் படிக்கப்பட்டன. அவ்விடுகாட்டில் உள்ள கற்களுள் சுமார் நாற்பதில் இன்றும் ஒரு நாளும் ஓர் எண்ணும் மட்டுமே பொறிக்கப்பட்டுள்ளன. அவ்வெண்களுக்குரிய வரிகள் பார்ன்ஸ்டெட்டின் ஏட்டில் இருக்கின்றன.